ஆயா போடாத கையெழுத்து

என் ஆயாவின் கல்லறையைப் புதுப்பிக்கிறோம். சிமெண்டு உதிர்ந்து சிலுவையின் ஒரு கை சாய்ந்துவிட்டது. பிரான்சில் இருக்கும் அத்தை பிள்ளைகள் பணம் அனுப்பினார்கள். கருப்புக் கல் வாங்கியாயிற்று. கல்லில் பொறிக்க வேண்டிய வாசகத்தை என் தங்கை மகன் எழுதி எனக்கு அனுப்பினான். "கல்வி அறியாவிடினும் கள்ளமற்ற பக்தியால் குடும்பத்தைக் காத்த அன்னை" என்று இருந்தது. பிள்ளை ஆசையாகத்தான் எழுதியிருக்கிறான். ஆனால் எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

தூக்கம் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சனவரியில் அத்தை மகனுடைய பையன் பாரிசிலிருந்து வந்திருந்தான். நல்ல பையன், எனக்குச் சீஸும் என் மனைவிக்கு ஸ்வெட்டரும் வாங்கிவந்தான். (புதுச்சேரி வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்கவில்லை.) காபி குடித்துக்கொண்டே சொன்னான்: "பெரிய ஆயா மட்டும் அன்னைக்கு ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா, மாமா, நீங்களும் எங்களோட அங்க இருந்திருப்பீங்க. பாவம், அவங்களுக்கு என்ன தெரியும்."

ஒருவன் புகழ்கிறான், ஒருவன் பரிதாபப்படுகிறான். இரண்டு பேரும் சொல்வது ஒன்றுதான். அந்தக் கிழவிக்கு ஒன்றும் தெரியாது என்கிறார்கள். அது சரியில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கையெழுத்து விவகாரம் என்ன என்பது என் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் ஓட்டெடுப்பு நடந்தது. 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் கைமாறியது. ஆனால் காகிதத்தில் நாங்கள் அப்போதும் பிரெஞ்சுக்காரர்கள்தான். 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். நெல்லித்தோப்பு மாதா கோவில் தேர்த்திருநாளுக்கு மறுநாள். இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் அன்றிலிருந்து இந்தியர்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அதற்குப் பெயர் ஆப்ஷன். சுமார் 5,000 பேர் அப்படி எழுதிக் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குத் தகப்பன் முடிவு செய்வான், தகப்பன் இல்லாவிட்டால் தாய், இருவரும் இல்லாவிட்டால் காப்பாளர்.

எனக்கும் என் தங்கைக்கும் இருவரும் இல்லை. அம்மா தங்கையைப் பெற்ற பத்தாம் நாள் போய்விட்டார். அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை. 1958-ல் மஞ்சள் காமாலையில் போனார். காப்பாளர் ஆயாதான். எனக்கு அப்போது பதினொரு வயது, தங்கைக்கு ஒன்பது.

ஆயா இருபதாம் நூற்றாண்டோடு பிறந்தவர். 1900-ல் பிறந்து 1991-ல் இறந்தார். பதினாறு வயதில் கலியாணம். தாத்தா சைகோனில் ஒரு கடைக்குக் கணக்கெழுதப் போனார். சர்க்கார் உத்தியோகம் இல்லை, அதனால் பென்ஷன் கின்ஷன் எதுவும் கிடையாது. இரண்டு முறை வந்தார். மூன்றாம் முறை கடிதம் வந்தது. பெற்ற நாலு பிள்ளைகளில் இரண்டு தங்கின, அப்பாவும் அத்தையும். கன்னியாஸ்திரிகளிடம் சிறு வயதில் கற்றிருந்த பூ வேலைதான் சோறு போட்டது. மேசை விரிப்பு, தலையணை உறை, கைக்குட்டை ஓரம். வெள்ளைக்காரர் வீடுகளுக்குத் தைத்தார். அவர்கள் போனபின் சொல்தாக்கள் வீடுகளுக்குத் தைத்தார். கண்ணுக்கு அருகில் துணியைப் பிடித்தபடி அவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பது இப்போதும் தெரிகிறது.

மூன்று தகர டப்பாக்கள் வைத்திருந்தார். ஒன்று அரிசிக்கு, ஒன்று எங்கள் பள்ளிக்கூடத்துக்கு, ஒன்று ஆத்துமாக்களுக்கு. மூன்றாவதில்தான் இறந்தவர்களுக்குப் பூசை வைக்கவும், கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி வாங்கவும் காசு சேரும். அரிசி டப்பா காலியானால் ஆத்துமா டப்பாவிலிருந்து கடன் எடுப்பார். பென்சிலால் சுவரில் கோடு போடுவார். திருப்பிப் போட்டதும் கோட்டை அடிப்பார். "செத்தவங்க அவசரப்பட மாட்டாங்க, ஆனா ஏமாத்தக் கூடாது" என்பார். முப்பத்தொன்பது வருடம் அரசாங்கக் கோப்புகளைப் பார்த்தவன் நான். அந்தச் சுவரைப் போல ஒழுங்கான பேரேட்டை அதிகம் கண்டதில்லை.

காலை ஐந்தரை மணிப் பூசைக்குப் போவார். இரவு ஏழு மணிக்குச் செபமாலை. ஐம்பத்து மூன்று மணியும் சொல்லி, மாதா பிரார்த்தனை முடித்துத்தான் சாப்பாடு. ஐந்து காரணிக்கங்களையும் பங்கு போட்டுக் கொடுத்திருந்தார். நாலாவது என்னுடையது. நடுவில் தூங்கி விழுந்தால் தலையில் குட்டு விழும், மந்திரம் நிற்காது.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். பள்ளிக்கூடத்தில் லுவார் நதி எங்கே ஓடுகிறது என்று தெரியும், தென்பெண்ணை எங்கே ஓடுகிறது என்று தெரியாது. தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றது ஆயாவின் செபப் புத்தகத்தில். மாதாகோவில் அச்சுக்கூடத்தில் போட்ட பழைய புத்தகம். சர்வேசுரன், சம்மனசு, இஸ்பிரீத்து சாந்து, அவஸ்தைப்பூசுதல் என்றுதான் என் தமிழ் தொடங்கியது. அறுபதுகளில் லத்தீன் போய்ப் பூசை தமிழுக்கு வந்தது. பிறகு சொற்களும் ஒவ்வொன்றாக மாறின. சர்வேசுரன் இறைவன் ஆனார், பூசை திருப்பலி ஆனது. ஆயா எதையும் எதிர்க்கவில்லை. கோவிலில் எல்லாரும் புதிய மந்திரம் சொல்லும்போது இவர் மட்டும் பிரியதத்தம் சொல்வார், அரை அடி பின்னால் வருவார். புதிதாக வந்த சாமியார் ஒருவர் அன்பாகத் திருத்தினார். "மாதாவுக்கு ரெண்டும் புரியும் சாமி, எனக்கு ஒண்ணுதான் வரும்" என்று சொல்லிவிட்டு வந்தார். தெரியாததால் சொன்னதா இது? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சரி, கையெழுத்துக்கு வருகிறேன்.

அத்தை வீட்டுக்காரர் சொல்தா. இந்தோசீனாவிலிருந்து உயிரோடு வந்தவர், பிறகு அல்ஜீரியாவையும் பார்த்தவர். 1962 டிசம்பரில் லீவில் வந்தபோது அவருக்கும் அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் இருவருக்குமான காகிதத்தையும் எழுதிக் கொண்டுவந்தார். பெயர், பிறந்த தேதி எல்லாம் நிரப்பியிருந்தது. ஆயா கையெழுத்து மட்டும் பாக்கி. நான் திண்ணையில் இருந்தேன். மாமா பிரெஞ்சில் ஒரு முறை வாசித்துத் தமிழில் விளக்கினார். ஆயா காகிதத்தை வாங்கி மடித்தார். "வச்சிட்டுப் போங்க மாப்பிள்ளை, பார்க்கிறேன்" என்றார்.

சனவரி போனது. மாமா இரண்டு முறை வந்தார். அத்தை அழுதார். தெருவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். எழுதிக் கொடுத்தால் உதவித்தொகை கிடைக்கும், பையனுக்குப் பட்டாளத்தில் வேலை கிடைக்கும், சாகும் வரை பென்ஷன் வரும் என்று ஒரு பக்கம். எழுதிக் கொடுத்தால் இங்கே இருக்க விடமாட்டார்கள் என்று இன்னொரு பக்கம். ஆயா ஒன்பது நாள் தொடர்ந்து வில்லியனூர் மாதா கோவிலுக்குப் போனார். காலைப் பூசை முடித்து நடந்தே போவார், தைக்கும் துணியைக் கையோடு கொண்டுபோவார், உச்சி வெயிலில் திரும்புவார். பத்தாம் நாள் போகவில்லை. பிப்ரவரி பாதியோடு கெடு முடிந்தது. காகிதம் மடித்தபடியே இருந்தது. மாமா அதன்பின் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அத்தை குடும்பம் அந்த வருடமே கப்பல் ஏறியது.

நான் பிரெவே முடித்தேன். நான் படித்த பிரெஞ்சுக்கு இங்கே வேலை குறைந்துகொண்டே போனது. இங்கிலீஷும் டைப்ரைட்டிங்கும் கற்றுக்கொண்டு 1972-ல் எல்.டி.சி. ஆனேன். என்னோடு படித்தவர்களில் ஆப்ஷன் கொடுத்த வீட்டுப் பையன்கள் பதினெட்டில் பட்டாளத்துக்குப் போனார்கள். பதினைந்து வருடம் கழித்துப் பென்ஷனோடு வந்து மாடி வீடு கட்டினார்கள். நான் சைக்கிளில் ஆபீஸ் போனேன். பொறாமை இருந்ததா என்றால், இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

1979-ல் அத்தை மகன் முதல் முறையாகத் திரும்பி வந்தான். கேமரா, ரேடியோ, பிள்ளைகளுக்குச் சாக்லேட். அந்த மாதம் என் மூத்த பெண்ணுக்கு டைபாய்டு. மருந்துக் கடையில் கடன் வைத்திருந்தேன். அவன் போன பிறகு ஆயா முற்றத்தில் முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். வயது எழுபத்தொன்பது. நான் அவர் முன்னால் நின்று கத்தினேன்: "நீ ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா நான் இப்படிப் பிச்சை எடுப்பேனா? உன் முட்டாள்தனத்தால நாங்க ரெண்டு பேரும் நாசமாப் போனோம்."

ஆயா தலை நிமிரவில்லை. கல்லை ஒரு பக்கம், அரிசியை ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டே இருந்தார். அன்று இரவு செபமாலையில் மூன்றாவது காரணிக்கம் முடிந்ததும் வழக்கம்போல் நிறுத்தி எனக்காகக் காத்திருந்தார். நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதையும் அவரே சொல்லி முடித்தார்.

மன்னிப்புக் கேட்கவில்லை நான். நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்தேன், பிறகு அது பழைய விஷயம் ஆகிவிட்டது. வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது.

எட்டு ஒன்பது வருடம் கழித்து ஒரு நாள், கரண்டு போன இரவு. விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவரே ஆரம்பித்தார்.

"டேய், அந்தக் காகிதத்துல என்ன எழுதியிருந்துதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

நான் பேசவில்லை.

"உங்க மாமா வாசிச்சார். நான் கேட்டேன். அது நல்ல காகிதம்தான். பணம் வரும்னு எனக்கும் தெரியும். ஆனா பதினெட்டு வயசுல உன்னைக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க. உங்க தாத்தா கணக்கெழுதப் போனார், துப்பாக்கி தூக்கப் போகல. அவரே திரும்பல. உங்க மாமா ராத்திரியில தூக்கத்துல கத்துவார், உங்க அத்தை சொல்லியிருக்கா. உன் தங்கச்சி அங்க போனா அத்தை பிள்ளைங்களுக்குத் துணி தோய்ப்பா. என் மகதான், நல்லவதான். ஆனா நாலு பிள்ளை பெத்தவ, ரெண்டு ரூம் வீடு. தோய்க்கத்தான் சொல்லுவா."

"கையெழுத்துப் போட்டுட்டு எங்களை இங்கயே வச்சிருக்கலாமே ஆயா. நெறய பேர் அப்படித்தானே செஞ்சாங்க?"

"வச்சிருக்கலாம். காகிதம் கையில இருந்தா பதினெட்டுல நீ போகாம இருந்திருப்பியா?"

போயிருப்பேன். ஓடியிருப்பேன்.

"வில்லியனூர்ல ஒம்பது நாள் போனியே, மாதா போடாதேன்னு சொன்னாங்களா?" என்று கேட்டேன். கொஞ்சம் கேலியாகத்தான் கேட்டேன்.

"மாதா ஏன்டா சொல்லணும்? அவங்க கேட்டுக்கிட்டு இருந்தாங்க. நான்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். ஒம்பது நாள் ரெண்டு பக்கமும் சொன்னேன். உங்கப்பன் பக்கம், உங்க மாமா பக்கம். ஒம்பதாம் நாள் சொல்லி முடிஞ்சிருச்சு." விசிறியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "தப்பாவும் இருக்கலாம். தப்புன்னா அது என் தப்பு, மாதா தப்பு இல்ல."

அவ்வளவுதான் பேசினார். 1979-ஐப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கரண்டு வந்ததும் போய்ப் படுத்தார்.

பக்தி என்றால் கண்ணை மூடிக்கொண்டு பாரத்தை மேலே தூக்கிப் போடுவது என்று படித்தவர்கள் நினைக்கிறார்கள். கோவிலுக்குப் போகிறவர்களிலும் சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். என் ஆயாவுக்குக் கோவில் என்பது யோசிக்கும் இடம். வீட்டில் யோசிக்க அவருக்கு நேரம் ஏது? ஊசியும் அடுப்பும் இரண்டு அநாதைப் பிள்ளைகளும். எதிரில் குறுக்கே பேசாமல் கேட்கும் ஆள் அங்கே ஒருவர்தான் இருந்தார். ஒன்பது நாள் வாதாடி, தானே தீர்ப்புச் சொல்லி, அந்தத் தீர்ப்பின் பழியையும் தானே சுமந்தார். மகளோடு உறவு முறிந்தது, பேரன் முட்டாள் என்று கத்தினான். அதன்பிறகும் இருபத்தெட்டு வருடம் அதே பாதையில் ஐந்தரை மணிப் பூசைக்குப் போனார்.

அவர் முடிவு சரியா? பணக் கணக்கில் தப்புத்தான். எங்கள் தெருவில் மாடி எழும்பிய வீடுகளைப் பார்த்தாலே தெரியும். அத்தை பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில்தானே கல்லும் வந்தது. மாமாவும் கெட்டவர் இல்லை, பிள்ளைகளுக்கு நல்லது என்றுதான் அந்தக் காகிதத்தை எழுதி வந்தார். என் தங்கையோ இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. "துணி தோய்ச்சிருப்பேன், அப்புறம் நர்சாப் படிச்சிருப்பேன். ஆயா என்னைக் கேட்டாங்களா?" என்கிறாள். ஒன்பது வயதுப் பெண்ணை யாரும் கேட்கவில்லை என்பது உண்மை. அவள் கோபத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவள்கூட "தெரியாமல் செய்தாங்க" என்று சொல்வதில்லை. தெரிந்து செய்தார் என்பதால்தான் அவளுக்கு இத்தனை வருடமாகக் கோபம்.

கல்லில் பிறந்த தேதி பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்று ஆயாவின் பிறப்பு, திருமணப் பதிவுகளுக்கு நகல் வாங்கினேன். பிரெஞ்சுக்காரர்களிடம் எத்தனையோ குறை சொல்லலாம், பதிவேட்டில் குறை சொல்ல முடியாது. திருமணப் பதிவு 1916. சாய்வான பேனா எழுத்தில் பிரெஞ்சில் ஒரு பக்கம். அடியில் சாட்சிகளின் கையெழுத்து, தாத்தாவின் கையெழுத்து. அதற்குக் கீழே தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, கோணலாக, ஆனால் முழுசாக ஆயாவின் பெயர். பதினாறு வயதுப் பெண் போட்ட கையெழுத்து. கல்வி அறியாதவராம்!

நகலைத் தங்கை மகனுக்கு அனுப்பி, வாசகத்தை எடுத்துவிடச் சொன்னேன். "அப்போ என்ன போடறது மாமா? கல்லு காலியா இருக்குமே" என்றான். பெயர் போடு, 1900–1991 போடு, புருஷன் பெயர் போடு, பெற்ற நாலு பிள்ளைகளின் பெயரும் போடு, தங்காத இரண்டையும் சேர்த்து என்றேன். பெயரை மட்டும் கம்ப்யூட்டர் எழுத்தில் வேண்டாம், அந்தக் கையெழுத்தையே பெரிதாக்கிச் செதுக்க முடியுமா என்று கேட்கச் சொன்னேன். கல் செதுக்குகிறவர் முடியும் என்றாராம், ஆயிரத்து ஐந்நூறு அதிகமாகும். அதை நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கல்லறைத் திருநாளுக்குள் முடித்துவிடுவார்கள்.

தங்கைக்கும் நகலைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "எழுத்து உன் எழுத்து மாதிரியே கோணலா இருக்கு" என்றாள். பிறகு, "நான் போயிருப்பேன்" என்றாள்.